கட்டம் எண்ணத் தெரிந்தால் போதும்: கிராஸ் ஸ்டிச் கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் தையல் வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள், செங்கோட்டை, குமுளி, பாலக்காட்டு எல்லை, கூடலூர் என்று மலையோரம் நெடுக இருக்கும் தமிழர்கள் கேட்ட கேள்விகள் இவை. கிராஸ் ஸ்டிச் என்றால் துணியின் கட்டங்களை எண்ணி, கட்டத்துக்கு ஒன்றாகப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சாய்வு போடுகிற கைத்தையல். பதில்கள் டீச்சர் பேசுகிற போக்கிலேயே.

கேள்வி (அருமனை): டீச்சர், வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்துட்டு. ஊசி பிடிச்சதே பள்ளிக்கூடத்துலதான். முதல்ல என்னெல்லாம் வாங்கணும்?

பதில்: கொஞ்சமாக வாங்கணும். கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணி 14 கவுண்டில் அரை மீட்டர், 24ஆம் நம்பர் டேபஸ்ட்ரி ஊசி, துணியை விறைப்பாகப் பிடிக்க ஐந்து இஞ்ச் வளையம் ஒன்று, கூர்முனைக் கத்தரி, பிடித்த நிறத்தில் நாலைந்து நூல். அவ்வளவுதான். 14 கவுண்ட் என்றால் இஞ்சுக்கு 14 கட்டம். டேபஸ்ட்ரி ஊசியின் முனை மழுங்கலாக இருக்கும். துணியில் ஏற்கெனவே ஓட்டை இருப்பதால் குத்த வேண்டியதில்லை, நுழைத்தால் போதும்.

நூல் ஆறு இழையாக வரும். ஆறையும் சேர்த்துக் கோர்த்துவிட்டு "துணி கிழியுது டீச்சர்" என்று வருகிறவர்கள் எப்போதும் உண்டு. 14 கவுண்டுக்கு இரண்டு இழை, 11 கவுண்டுக்கு மூன்று, 18 கவுண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. இழைகளை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் சிக்கு விழும். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு முழம் போதும். அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சாகிவிடும்.

முடிச்சுப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரே இழையை இரண்டு முழத்துக்கு வெட்டி, பாதியாக மடித்து, வெட்டிய இரண்டு நுனியையும் ஊசியில் கோருங்கள். மறுமுனையில் ஒரு கண்ணி நிற்கும். கீழிருந்து மேலே வந்து, முதல் சாய்வைப் போட்டு, ஊசி கீழே போனதும் அந்தக் கண்ணிக்குள் நுழைத்து மெல்ல இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்புறம் நாலைந்து தையலுக்கு அடியில் நூலை ஓட்டி வெட்டிவிடுங்கள்.

நூறு நிறம் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். பெயரில்லாத நூல் சாயம் போகும். அது பாதி முடிந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி (குழித்துறை): எங்க ஊர் கடையில ஐடா கேட்டா மேட்டி துணியத்தான் எடுத்துக் காட்டுதாங்க. ரெண்டும் ஒண்ணா?

பதில்: வேலைக்கு ஒன்றுதான், குணத்தில் வேறு. மேட்டியும் கட்டம் கட்டமாக நெய்ததுதான். நாமெல்லாம் பள்ளியில் மேசை விரிப்பு தைத்தது அதில்தான். ஐடா விறைப்பாக நிற்கும், கட்டம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். மேட்டி தொளதொளவென்று இருக்கும், விலை குறைவு.

மேட்டி வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கேலை வைத்து ஐந்து சென்டிமீட்டருக்குள் எத்தனை கட்டம் என்று நெடுக்கில் எண்ணுங்கள், பிறகு குறுக்கில் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் வாங்கலாம். நெடுக்கில் 25, குறுக்கில் 22 என்றால், வட்ட நிலா தைத்தால் முட்டை வரும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

துணி தொய்வாக இருக்கிறது என்று கஞ்சி போட்டு விறைப்பாக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் கட்டாயம் அலசிவிடுங்கள். கஞ்சி வாசனைக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். அவை நூலையும் சேர்த்தே அரித்துவிடும்.

கேள்வி (செங்கோட்டை): அக்கா, கட்டம் தப்பாம எண்ணித்தான் போடுதேன். ஆனாலும் சில இடம் மின்னுது, சில இடம் மங்குது. நூல் மோசமா?

பதில்: நூலில் குறை இல்லை, மேல்சாய்வு மாறியிருக்கிறது. ஒரு கிராஸில் இரண்டு சாய்வு. எது மேலே படுக்கிறதோ அதில்தான் வெளிச்சம் படும். ஒரு கிராஸில் மேல்சாய்வு வலப்பக்கமும் பக்கத்துக் கிராஸில் இடப்பக்கமும் போனால், ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். ஜன்னலோரம் துணியைச் சாய்த்துப் பாருங்கள், தப்பிய கிராஸ்கள் தனியாகத் தெரியும்.

அகலமான ஒரே நிறப் பகுதி என்றால், ஒரு வரிசை முழுவதும் பாதிச் சாய்வாகப் போட்டுப் போய், திரும்பி வரும்போது மறு சாய்வைப் போட்டு மூடுங்கள். இதை டேனிஷ் முறை என்பார்கள். கை தானாக ஒரே திசையில் ஓடும். ஒவ்வொரு கிராஸையும் அங்கங்கே முடித்துக்கொண்டு போவது ஆங்கில முறை. சிதறிக் கிடக்கும் கட்டங்களுக்கும் மேலிருந்து கீழே இறங்கும் கோடுகளுக்கும் அது நல்லது. இரண்டையும் ஒரே வேலையில் கலக்கலாம், மேல்சாய்வு மட்டும் மாறக்கூடாது. துணியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், துணியைத் திருப்பிப் பிடித்தாலும் குழப்பம் வராது.

இன்னொன்று, தைக்கத் தைக்க நூல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இழை படுக்காது, துணி இடைவெளியில் எட்டிப் பார்க்கும். அவ்வப்போது துணியைக் கவிழ்த்து ஊசியைத் தொங்க விடுங்கள். சுற்றிச் சுற்றித் தானே முறுக்கு அவிழும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம்.

கேள்வி (பாறசாலை): டீச்சர், சித்திரையில தங்கச்சி கல்யாணம். இடுப்புக்கு ஒண்ணு, மேலுக்கு ஒண்ணுன்னு வர்ற செட்டு முண்டுல செம்பருத்திப் பூ கிராஸ் ஸ்டிச்சில போட்டுக் குடுக்க ஆசை. முண்டுல கட்டமே இல்லையே, எப்படி எண்ணுறது?

பதில்: கட்டத்தை மேலே வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கழற்றிவிடலாம். அதற்கென்று வேஸ்ட் கேன்வாஸ் இருக்கிறது. பசை போட்டு நெய்த சல்லடை மாதிரியான துணி. 14 கவுண்டில் வாங்குங்கள். பூ வரவேண்டிய இடத்தைவிட நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக வெட்டி, கரைக்கு இணையாக வைத்து, சாதாரணத் தையல் நூலால் சுற்றிலும் ஓட்டுங்கள். கேன்வாஸ் கொஞ்சம் கோணினாலும் பூ கோணும், கசவு என்கிற சரிகைக் கரை நேராக இருக்கிற இடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

இங்கே மழுங்கல் ஊசி உதவாது, முண்டில் ஓட்டை கிடையாது அல்லவா. கூர்முனை எம்பிராய்டரி ஊசி வேண்டும். கேன்வாஸ் இழையைக் குத்தாமல் சந்துக்குள்ளேயே இறக்குங்கள். இழையைக் குத்திவிட்டால் கடைசியில் உருவும்போது வராது. முழுவதும் தைத்த பிறகு ஈரத்துணியால் ஒற்றினால் பசை இளகும். ஒரு சாமணத்தால் கேன்வாஸ் இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள், முதலில் ஒரு திசை, அப்புறம் மறு திசை. எல்லாம் போனபின் பூ மட்டும் துணியில் நிற்கும். தண்ணீரில் கரைகிற கேன்வாஸும் வந்திருக்கிறது, உருவும் வேலை மிச்சம். நம் ஊர் ஈரத்தில் அதைப் பிரித்து வைத்தால் தைப்பதற்குள் பிசுபிசுக்கும்.

பாலராமபுரம் கைத்தறி என்றால் நூல் மிக மெலிது. இறுக்கி இழுத்தால் சுருங்கிவிடும். நூல் படுக்கிற அளவு இழுத்தால் போதும். சரிகை மேல் தைக்காதீர்கள், ஊசி பட்டால் சரிகை பிரியும். கரையிலிருந்து ஒரு விரல் தள்ளி வெறும் பருத்தியில் போடுங்கள். சிவப்பு நூலை முதலில் வெள்ளைத் துணித்துண்டில் வைத்து நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். கோரா நிறத்தில் சிவப்பு இறங்கினால் எடுக்கவே முடியாது.

அளவு விஷயமும் சொல்லிவிடுகிறேன். 45 இஞ்ச் நீளத்துக்கு ஒரு இஞ்ச் உயரத்தில் நெருக்கிப் போட்டால் 630 பெருக்கல் 14, அதாவது 8,820 கிராஸ். பழகிய கை மணிக்கு நூறிலிருந்து நூற்றைம்பது போடும். சித்திரைக்கு முன்னால் முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நான் செய்வதானால் மேல்முண்டில் தோளிலிருந்து முன்னால் விழும் பகுதியில் மட்டும் மூன்று பூ, இரண்டு மொட்டு. கல்யாண வீட்டில் கண் போகிற இடம் அதுதான்.

கேள்வி (புனலூர்): பாட்டியோட போட்டோவை ஒரு ஆப்பில போட்டேன், 74 நிறத்தில பேட்டர்ன் வந்துது. தைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆப் முகத்தைப் பார்ப்பதில்லை, புள்ளிகளைத்தான் பார்க்கிறது. ஒரு கட்டம் பழுப்பு, அடுத்தது கொஞ்சம் குறைந்த பழுப்பு, அதற்கடுத்தது சாம்பல் என்று தனித்தனிக் கட்டமாகச் சிதறிக் கொடுக்கும். ஒரு கிராஸுக்காக நூல் மாற்றி மாற்றி வெறுத்துப் போவீர்கள். நிற எண்ணிக்கையை 15, 20க்குக் குறைத்துப் பாருங்கள். முகம் மட்டும் போதும், பின்னணி வேண்டாம். அகலம் நூறு கட்டத்துக்குக் குறைந்தால் கண்ணும் மூக்கும் அடையாளம் தெரியாது. பாட்டியின் கம்மலையும் கண்ணாடியையும் மட்டும் தைத்தாலும் வீட்டில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும், யோசியுங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): சேச்சி, நாங்க பாலக்காட்டுப் பக்கம் இருந்தாலும் வாசல்ல கோலம் போடாத நாள் இல்ல. கோலத்தை கிராஸ் ஸ்டிச்சா மாத்த முடியுமா? சொந்தமா டிசைன் போடறது எப்படி?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. அச்சடித்த ஐரோப்பிய வீட்டையும் பனிமனிதனையும் தைத்துக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள் வாசலைக் குனிந்து பார்த்தாலே ஆயுசுக்கும் டிசைன் கிடைக்கும்.

கிராஸ் ஸ்டிச்சில் மூன்று திசைதான் சுத்தமாக வரும்: படுக்கைக்கோடு, நிலைக்கோடு, மூலைக்கு மூலை போகிற சாய்கோடு. வேறு எந்தச் சாய்வும் படிக்கட்டாகத்தான் நிற்கும். அதனால் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிற நட்சத்திரக் கோலம், தாமரைக் கோலமெல்லாம் அழகாக உட்காரும். சிக்குக் கோலத்தின் வளைவை கிராஸாகப் போட்டால் கரடுமுரடாகிவிடும். அதை ஒற்றை இழையில், இடைவெளி விடாமல் கோடாக ஓடும் பின்தையலில் போடுங்கள், கம்பி மாதிரி மெலிதாக வரும். புள்ளிகளுக்கு, ஊசியில் நூலைச் சுற்றி இறக்குகிற பிரெஞ்சு முடிச்சு.

வரைவதற்குப் பள்ளிக்கூட கிராஃப் நோட்டு போதும். முதலில் நடுவைக் குறியுங்கள். பூவென்றால் கால்பங்கு மட்டும் வரையுங்கள், மற்ற மூன்றும் கண்ணாடி பார்ப்பதுபோல் திருப்பிப் போடுவதுதான். வட்டம் வராது என்று பயப்படாதீர்கள், அதற்குக் கணக்கு இருக்கிறது. 9 கட்ட வட்டம் வேண்டுமா? முதல் வரிசையில் 5 கட்டம், அடுத்ததில் 7, அப்புறம் ஐந்து வரிசைக்கு 9, மறுபடி 7, கடைசியில் 5. எல்லாவற்றையும் நடுக்கோட்டை ஒட்டி வையுங்கள். தள்ளி நின்று பார்த்தால் பொட்டு போல இருக்கும்.

வரைந்ததும் துணி அளவு. 140 கட்ட அகலம், 98 கட்ட உயரம் என்றால் 14 கவுண்டில் 10 இஞ்ச், 7 இஞ்ச். சட்டம் போட நாலு பக்கமும் 3 இஞ்ச் விட்டால் 16க்கு 13 இஞ்ச் துணி வெட்டவேண்டும். இந்த ஓரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள், சட்டக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பெரிய வேலையில் எண்ணிக்கை தவறாமலிருக்க, பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு ஓட்டிக்கொள்ளுங்கள். அதற்குத் தையல் நூலைவிட மீன்பிடிக்கிற மெல்லிய தங்கூசி நரம்பு நல்லது. குளச்சல் பக்கம் எந்த வலைக் கடையிலும் கிடைக்கும். நிறமுள்ளதாகப் பாருங்கள். ஊசி அதைக் குத்திப் பிளக்காது, முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

டிசைனுக்கு இன்னொரு இடமும் சொல்கிறேன். தக்கலைப் பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். இடம் நம் மாவட்டம், பராமரிப்பு கேரள அரசு. உள்ளே நுழைந்ததும் பூமுகம் என்கிற முன்மண்டபத்தில் தலையை நிமிர்த்துங்கள். மர மச்சில் 90 வகைப் பூ செதுக்கியிருக்கிறார்கள் என்பார்கள். ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் அடங்கிய பூ, கால்பங்கு வரைந்து திருப்புகிற நம் வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

கேள்வி (நெய்யாற்றின்கரை): பேட்டர்ன்ல டிஎம்சி நம்பர் போட்டிருக்கு. இங்க ஆங்கர்தான் கிடைக்குது.

பதில்: டிஎம்சியும் ஆங்கரும் நூல் கம்பெனிகள், ஒரே நிறத்துக்கு வேறு வேறு நம்பர். மாற்று அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். டிஎம்சி 310 கறுப்புக்கு ஆங்கர் 403, டிஎம்சி 666 சிவப்புக்கு ஆங்கர் 46. கறுப்பு வெள்ளையில் பிரச்சினை இல்லை. தோல் நிறம், பச்சையின் சாயல்களில் அட்டவணையை அப்படியே நம்பாமல் நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெரு வரை போகிறவர்கள் பேட்டர்னையும் கையில் கொண்டுபோவது நல்லது.

கேள்வி (குழித்துறை): ஒரு கட்டு நூலுக்கு எத்தனை கிராஸ் வரும்?

பதில்: கட்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். 14 கவுண்டில் ஒரு கிராஸுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துச் சுமார் 9 மில்லிமீட்டர் போகும். கணக்குப்படி 2,600க்கு மேல் வரவேண்டும். தொடக்கம், முடிவு, ஊசியில் தங்குகிற வால் எல்லாம் கழித்து 1,800 என்று வைத்து வாங்குங்கள். வானம், கடல் மாதிரி பெரிய பரப்புக்கு ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த சாயத் தொட்டியில் நனைந்தது ஒரு மயிரிழை மாறிவரும்.

கேள்வி (குமுளி): டீச்சர், இங்க ஜூன் பிறந்தா ஆறேழு மாசம் ஈரம். போன வருஷம் தைச்சு வச்சதில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கு. சிவப்பும் கொஞ்சம் பரவியிருக்கு.

பதில்: கறுப்புப் புள்ளி பூஞ்சை. கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் துணியில் இருந்தால் சீக்கிரம் பிடிக்கும். அதனால் முடிந்ததும் அலசாமல் எதையும் எடுத்துவைக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீர், காரமில்லாத சோப்பு, பிழியக்கூடாது. துவாலைக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடித்த துவாலைமேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள், கிராஸ்கள் நசுங்காமல் எழுந்து நிற்கும்.

பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். பழைய வேட்டியைத் துவைத்து அதில் சுற்றி வையுங்கள். மழை ஓய்ந்த நாளில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி தையலைத் தொடாமல் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் கோர்க்கும் ஈரம் நேராக நூலில் இறங்கினால் அதே கதைதான். வளையத்தையும் ஒவ்வொரு நாளும் கழற்றுங்கள். மாட்டியே வைத்தால் வட்டமாக அழுக்கு வரி பிடிக்கும்.

பரவிய சிவப்பு காய்ந்து இறுகிவிட்டால் கஷ்டம். ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், குளிர்ந்த தண்ணீரில் வைத்து, தண்ணீர் நிறம் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் காய விடவே கூடாது. வெந்நீர் வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): மாமியார் ஒவ்வொரு தடவையும் துணியைத் திருப்பிப் பார்த்து "பின்பக்கம் சரியில்லை"ன்னு சொல்லுதாங்க.

பதில்: சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள், மக்கா. முன்பக்கம் நிழல் தெரியுமளவு நீளமாக நூலைத் தாண்டவிடக் கூடாது, பின்பக்கத்துக்கு அந்த ஒரு விதிதான்.

கேள்வி (கூடலூர், நீலகிரி): எங்க பக்கம் தோடர் போர்வையில் கறுப்பு சிவப்பு வேலை பார்க்கிறோம். அதுவும் கிராஸ் ஸ்டிச்சா? இதெல்லாம் வெளிநாட்டுக் கலைதானே?

பதில்: தோடர் வேலை கிராஸ் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் நெய்த இழைகளை எண்ணி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போவது. நெய்ததோ என்று சந்தேகம் வருமளவு இறுக்கம். வரைந்துகொள்வதில்லை, மனக்கணக்குத்தான். 2013ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இழையை எண்ணுகிற குடும்பம் என்ற வகையில் நமக்குச் சொந்தம்.

நேரடியாகக் கிராஸ் வேண்டுமென்றால் கர்நாடகத்தின் கசூதி எம்பிராய்டரியைப் பாருங்கள். அதில் கவந்தி, முர்கி, நேகி, மெந்தி என்று நாலு தையல். மெந்தி என்பது கிராஸ் ஸ்டிச்சேதான். பாலஸ்தீனப் பெண்கள் உடுப்பில் போடுகிற தத்ரீஸும் கிராஸ்தான், 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் 1598 என்று வருடத்தையே தைத்து வைத்த மாதிரித் துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் கிராஸ் உண்டு. நூலும் நெய்த துணியும் இருக்கிற பல தேசத்தில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு ஊசி நூல் பள்ளிக்கூடமாக வந்தது வேறு வழி. 1819ல் நாகர்கோவில் வந்த மிஷனரி தம்பதியில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட வரலாறு அதில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரசாணை 1855ல்தான் வந்தது. பொழுதுபோக்கு என்று நாம் சொல்கிற வேலை அவர்களுக்கு விடுதலைப் பணம்.

கேள்வி (வெள்ளறடை): கிராஸ் போட்டுப் போட்டு அலுத்துட்டு. புதுத் தையல் ஏதாவது சொல்லுங்க.

பதில்: கிராஸை நீட்டினாலே புதுத் தையல்தான். நீள்கை கிராஸ் என்று ஒன்று: முதல் சாய்வு இரண்டு கட்டம் முன்னால் போகும், இரண்டாவது ஒரு கட்டம் பின்னால் வரும். வரிசையாகப் போட்டால் சடை பின்னியதுபோல் வரும். விரிப்பின் ஓரத்துக்கு இதைவிட அழகு கிடையாது. ஸ்மிர்னா என்பது கிராஸின் மேல் ஒரு கூட்டல் குறி. புடைத்து நிற்கும், நட்சத்திரத்துக்கும் பூவின் நடுவுக்கும் நல்லது. ரைஸ் ஸ்டிச்சில் பெரிய கிராஸ் போட்டு நாலு நுனியையும் சின்னச் சாய்வால் கட்டுவோம். இரண்டு நிறத்தில் போட்டால் பாய் முடைந்த மாதிரி தெரியும்.

கொஞ்சம் பெரிய சவால் வேண்டுமென்றால் அசிசி வேலை. இத்தாலியின் அசிசி ஊர்ப் பெயர். உருவத்தை வெறுமனே விட்டுவிட்டு, சுற்றியுள்ள பின்னணியை மட்டும் ஒரே நிறத்தில் நிரப்புவார்கள். நம் அன்னப்பட்சி, யாளியெல்லாம் இதில் கம்பீரமாக வரும். கரும்பச்சை ஒன்று போதும்.

பிரெஞ்சு முடிச்சு உள்ளே போய்விடுகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம், வந்த ஓட்டையிலேயே திரும்ப இறக்குவது. ஓட்டையை விட்டு, பக்கத்துக் கட்டத்தின் இழைக்குள் குத்துங்கள். சுற்றிய நூலை இடக்கையால் இழுத்துப் பிடித்தபடியே ஊசியைக் கீழே அனுப்புங்கள். இதற்கு மட்டும் கூர்முனை ஊசி. பின்தையலும் முடிச்சும் கடைசி வேலை, எல்லாக் கிராஸும் முடிந்த பிறகு.

ஒரு முழுச் சாய்வும், கட்டத்தின் நடுவரை ஒரு அரைச் சாய்வும் போடுகிற முக்கால் தையல் இப்போதைக்கு வேண்டாம். கட்டத்தின் நடுவில் ஓட்டை இல்லாததால் ஐடாவில் அது மல்லுக்கட்டு. 28 கவுண்ட் லினன் வாங்கி, இரண்டிரண்டு இழைக்கு ஒரு கிராஸாகப் போட்டால் 14 கவுண்ட் அளவே வரும், நடுவில் இயல்பாகவே ஓட்டையும் இருக்கும். அப்போது பழகலாம்.

கேள்வி (ஆரியங்காவு): ஒரு பேட்டர்ன் வாங்கி பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பலாமா?

பதில்: கூடாது. வரைந்தவருக்கு அதுதான் வருமானம்.

கேள்வி (களியக்காவிளை): நான் தைச்சதுக்கு ஒருத்தர் விலை கேட்டாங்க. நாலுக்கு நாலு இஞ்ச், முழுக்க நிரப்பினது. எவ்வளவு சொல்லணும்?

பதில்: 14 கவுண்டில் ஒரு சதுர இஞ்சுக்கு 196 கிராஸ். பதினாறு சதுர இஞ்சுக்கு 3,136. மணிக்கு 125 என்று வைத்தாலும் 25 மணி நேரம். உங்கள் ஊரில் தையல் வேலைக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு, மூன்று நாள் கூலியோடு துணி, நூல், சட்டச் செலவைக் கூட்டுங்கள். அந்தத் தொகையைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும். பாதிக்குக் குறைத்துக் கொடுக்கிறதைவிட, பிடித்தவர்களுக்குச் சும்மா கொடுக்கலாம். விற்கத்தான் வேண்டும் என்றால் முழுக்க நிரப்பியதை விட்டு, புத்தகக் குறி, சாவிக் கொத்து என்று நூறு, இருநூறு கிராஸில் முடிகிற சின்னச் சாமான் செய்யுங்கள்.

கேள்வி (சித்தூர், பாலக்காடு): ஆறாம் கிளாஸ் படிக்கிற பையன், இடக்கைக்காரன். நான் தைக்கிறதைப் பார்த்துக் கேட்கிறான். சொல்லிக் கொடுக்கலாமா சேச்சி? என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல.

பதில்: தாராளமாக. அவனுக்கு 11 கவுண்ட் துணியும் மூன்று இழையும் கொடுங்கள். இடக்கைக்காரன் வரிசையை வலமிருந்து இடமாகத் தொடங்கினால் கை தைத்ததை மறைக்காது. எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள், உங்கள் கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக் கற்றுக்கொள்வான். மேல்சாய்வு ஒரே பக்கம், அந்த விதி இரண்டு கைக்கும் பொது. முதல் வேலை அவன் பெயரின் முதல் எழுத்து.

உங்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், அவனுக்கு வலப்பக்கத்திலிருந்து. மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் கறுப்பு ஐடாவிலும் ஓட்டை தெரியும். கழுத்தில் மாட்டுகிற பூதக்கண்ணாடி தையல் சாமான் கடைகளில் விற்கிறது. அதற்கு முன்னால் கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.